அறுபது அடி

பூகர்ப்ப சாஸ்திரத்தில் பட்டம் பெற்று, சர்க்கார் உத்தியோகத்தில் அமர்ந்து, தோளில் ஒரு ஜோல்னாப் பையும் அதற்குள் ஒரு சுத்தியலுமாகத் திருநெல்வேலி ஜங்ஷனில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற இளைஞர்தாம் இதைப் படிக்கிறார் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். நானும் அப்படித்தான் நின்றேன், ஜீப் என்பது எங்களுக்கு மந்திரி வருகிற தினத்தில் மாத்திரம் கண்ணில் படுகிற வஸ்து. கல்லை உடைத்துப் பெயர் சொல்லுவதே இந்தத் தொழில் என்று கல்லூரியில் நினைக்கிறார்கள், கச்சேரியிலும் நினைக்கிறார்கள். பெயர் சொல்லுவது பத்தில் ஒரு பங்கு. எந்த இடத்தில் நின்று எதைக் கண்டோம் என்பதை, பிறர் தம் சௌகரியத்துக்கு மாற்ற முடியாதபடி காகிதத்தில் நிலைநிறுத்துவது மிச்சம் ஒன்பது பங்கும் என்பது என் அபிப்பிராயம். அதற்கு நான் கொடுத்த விலை அதிகமாகையால் சற்றுக் காரமாகவே சொல்லுவேன்.

ஆயத்தங்களைப் பற்றி விஸ்தரிக்க வேண்டியதில்லை. 58 எச் வரிசைப் படத்தாள்கள், சுத்தியல், கைலென்ஸ், திசைகாட்டி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சிறு புட்டி, நோட்டு, பென்சில், தேவைக்கு இரண்டு பங்கு குடிதண்ணீர். பேனா வேண்டாம், வியர்வையில் மை கரையும். திசைகாட்டிக்கு மட்டும் ஒரு வார்த்தை. பூமியின் காந்த நடுக்கோடு நம் ஜில்லாவுக்கு வெகு சமீபமாகச் செல்வதால்தான் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் கிருஷ்ணாபுரத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையம் வைத்திருக்கிறது; இங்கே காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் ஏறக்குறையக் கிடையாகவே நிற்கும். ஆகையால் வடதேசங்களுக்கென்று செய்யப்பட்ட கருவி கைக்கு வந்தால், ஊசியின் தென்பாதியில் சமநிலைக்காகச் சுற்றியிருக்கும் மெல்லிய செப்புக் கம்பியை நடுவை நோக்கி நகர்த்திக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் தென்முனை தாழ்ந்து உரசிக்கொண்டு பொய்த் திசை காட்டும். இரும்புச் சுத்தியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திசை பார்க்கிறவர்களையும் நான் கண்டதுண்டு. அவர்களில் சிலர் பிற்காலத்தில் எனக்கு மேலதிகாரிகளானார்கள்.

அமிலப் புட்டியை நம்பிக் கெட்டவர்களும் உண்டு. தாழையூத்துப் பக்கத்தில் படிகச் சுண்ணாம்புக்கல் விசேஷமாகக் கிடைக்கிறது. அதை ஆதாரமாகக் கொண்டே 1949-ல் அங்கே இந்தியா சிமெண்ட்ஸின் ஆலை ஓடத் தொடங்கியது. அந்தக் கல்லும் வெங்கச்சங்கல்லும் வெயிலில் ஒன்றுபோலவே வெளுத்துக் கிடக்கும். ஒரு சொட்டு அமிலம் விட்டு நுரை கண்டவுடன் சுண்ணாம்பு என்று எழுதிவிடுகிறார்கள். நம் வறட்டுப் பூமியில் எந்தக் கல்லின் மேலும் சுக்கான் மெல்லிய தோலாகப் படிந்திருக்கும், அது தாராளமாக நுரைக்கும் என்பதை அவர்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. உடைத்து, புதிய முகத்தில் விட்டுப் பார்க்க வேண்டும். அடிக்கும்போது காதையும் திறந்து வைத்திருப்பது நல்லது. நெல்லையப்பர் கோயில் இசைத்தூணைத் தட்டிப் பார்த்த ஊர்க்காரனுக்குக் கல்லின் குரலைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை: முற்றின பாறை கணீரென்னும், உளுத்த பாறை சொத்தென்னும், தண்ணீர் இரண்டாவதில்தான் இருக்கும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் பக்கத்துப் பாறைகள், சார்னோகைட்டும் கொண்டலைட்டும் நைஸ் வகைகளும், பெரும்பாலும் வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஓடுகிற பட்டைகளாகச் செங்குத்தாய் நிமிர்ந்து நிற்பவை. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற வெள்ளைக்காரரின் சமாதிக் கல்லைப் பார்த்து ஹாலந்து என்ற அறிஞர் பெயர் சூட்டிய சார்னோகைட், எண்ணெய் தடவியதுபோல் நீலம் பாய்ந்த கருங்கல். வெடிப்பு இல்லாவிட்டால் அதற்குள் சொட்டுத் தண்ணீர் நில்லாது. அதற்குப் பக்கத்திலேயே செம்மணிகள் விரவிய கொண்டலைட் பட்டை உளுத்துப் பொடிந்து தண்ணீரை வாங்கி வைத்துக்கொண்டிருக்கும். ஆகவே பட்டையின் போக்கிலேயே நூறு கஜம் நடந்தாலும் அதே பாறையில்தான் நிற்பீர்கள்; குறுக்கே இருபது கஜம் நடந்தால் வேறொரு பாறைக்குப் போய்விடுவீர்கள்.

சிற்றாற்றுக்கு வடக்கே, குடிதண்ணீருக்குப் பெண்கள் விடியுமுன் குடத்தோடு புறப்படுகிற ஒரு சிற்றூருக்கு ஆழ்துளைக் கிணற்றுக்கு இடம் பார்க்க என்னை அனுப்பினார்கள். கால்வாய்ப் பாசனக் கிணறுகளின் நீர்மட்டம் கார்ப் பருவத்தில் எவரையும் ஏமாற்றும்; இது மானாவாரிப் பூமி, நான் போனதோ சித்திரை, ஆகையால் அந்த மயக்கத்துக்கு இடமில்லை. பழங்கிணறுகளை ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தேன். தண்ணீர் உள்ளவை எல்லாம் ஒரே கோட்டில் வடமேற்காக நின்றன. கிணறு வெட்டியே வயசான பெரியவர் ஒருவர் கூட வந்தார். “இந்தக் கோட்டை விட்டுராதீங்க சார்வாள். இங்கிட்டு மண்வெட்டி இறங்கும், அங்கிட்டு உளி மழுங்கும்” என்றார். “அங்கிட்டுன்னா எவ்வளவு தூரம் அண்ணாச்சி?” என்று கேட்டேன். ஒரு கல்லை எடுத்து எறிந்து காட்டினார். அவருடைய வார்த்தையும் என் திசைகாட்டியும் மின்தடை அளக்கும் கருவியும் ஒன்றையே சொல்லின. அந்தப் பட்டையின் நடுவில் குச்சி நட்டு, சுற்றிச் சுண்ணாம்பு தூவி, படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். கொடுத்த கையோடு வேறோர் ஊருக்குப் போகும்படி உத்தரவு வந்தது; போனேன்.

போர் லாரி வந்தபோது, குச்சி நின்ற ஓடைக் கரையில் இறங்க மாட்டேன் என்று டிரைவர் சொல்ல, உடனிருந்த அதிகாரி, பூமியெல்லாம் ஒரே பூமிதானே என்ற வேதாந்தத்தோடு, வடகிழக்கே அறுபது அடி தள்ளி ரோட்டோரத்தில் லாரியை நிறுத்தித் துளை போடச் சொன்னார். அறுபது அடியும் பட்டைக்குக் குறுக்கே. 200 அடி வரை வெள்ளைப் புழுதிதான் பறந்தது. ‘நிலவியலாளர் காட்டிய இடத்தில் நீர் இல்லை’ என்று எழுதினார்கள். எனக்கு மெமோ வந்தது. இடம் மாற்றப்பட்டது என்று நான் பதில் எழுதினேன். படிவத்தைப் பாருங்கள் என்றார்கள். படிவத்தில் இடத்தைக் குறிக்க இருந்த கட்டம் ஒன்றே ஒன்று, சர்வே நம்பர். குச்சி நட்ட இடமும் துளை போட்ட இடமும் ஒரே சர்வே நம்பரில் கிடந்தன! காகிதத்தின்படி ஒருவரும் ஒன்றையும் மாற்றவில்லை. குச்சியை ஆடு மேய்க்கிற பையன் பிடுங்கிக்கொண்டு போயிருந்தான். அந்த வருஷம் எனக்கு வரவேண்டிய உயர்வு வரவில்லை. படிவத்தை அச்சடித்தவன் நான் அல்ல, லாரியை நிறுத்தியவனும் நான் அல்ல என்பதை அன்றும் சொன்னேன், இன்றும் சொல்லுகிறேன்.

பிறகு வேறோர் அதிகாரி வந்து, அந்தப் பெரியவர் கைகாட்டிய இடத்தில், ஓடைக் கரையைச் சரித்துப் பாதை போட்டு லாரியை இறக்கித் துளை போட்டார். முதலில் ஈரமண், அப்புறம் தண்ணீர். பழைய மெமோவை மட்டும் ஒருவரும் வாபஸ் வாங்கவில்லை.

அதற்கப்புறம் நான் கடைப்பிடித்த முறை இது. இடத்தைத் தேர்ந்தவுடன் கண்ணுக்குத் தெரிகிற, ஆடு தின்னாத, மூன்று நிலையான பொருள்களை, கோயில் கோபுரம், கிணற்றுத் திட்டு, கரண்ட் கம்பம் எதுவானாலும் சரி, தேர்ந்துகொண்டு ஒவ்வொன்றுக்கும் திசையும் தூரமும் எழுதுவேன். பாறைப் பட்டை ஓடுகிற திசையை அம்புக்குறியாக வரைவேன். ‘இந்தத் திசையில் நகர்த்தலாம், குறுக்கே பத்து அடி கூட நகர்த்தக் கூடாது’ என்று தமிழில் எழுதுவேன்; லாரிக்காரருக்கும் விளங்க வேண்டுமே. ஊர்க்காரர் இருவருக்கு இடத்தைக் காட்டி வைப்பேன். இப்போது கையிலுள்ள போனே அட்சரேகை தீர்க்கரேகை சொல்லுகிறதென்று பெருமை பேசுகிறார்கள். போனின் கணக்கில் நேரும் பிழை சில கஜங்கள், மெல்லிய பட்டைக்கு அதுவே தாராளம்.

இடத்தை எழுதிவைப்பதன் பலனுக்கு ஓர் உதாரணம் சொல்லுகிறேன். ராபர்ட் புரூஸ் பூட் 1863-ல் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்தவர் என்று எல்லோருக்கும் தெரியும். மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களின் நிலவியலைப் பற்றி அவர் எழுதியது 1883-ல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் வெளியீடாக வந்தது என்பது பலருக்குத் தெரியாது. நம் செம்மணல் தேரிகளை அவர் பார்த்தார், எங்கே பார்த்தார் என்றும் எழுதினார். 1956-ல் ஸாய்னரும் ஆல்சினும் இந்த ஜில்லாவின் தேரிகளில் கிடைக்கும் சிறு கற்கருவிகளைப் பற்றி ஆராய்ந்து எழுதியபோது அவர்களுக்கு முன்னே பூட்டின் எழுத்து இருந்தது. அவருக்கு யாரும் படிவம் கொடுத்து, ஒரே கட்டத்தில் அடக்கு என்று சொல்லவில்லை, அவர் கொடுத்துவைத்தவர்.

உங்களுக்குப் படிவம் உண்டு. அதில் கட்டம் போதாது. பின்பக்கத்தில் எழுதுங்கள், வரைபடத்தை ஊசி குத்தி இணையுங்கள், பெற்றுக்கொண்டவரிடம் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். நகல் ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், கச்சேரியில் வேண்டாம்.