சிறு காயம், பெரிய வலி: நேரம் கடத்தாதீர்கள்

வங்கியில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது நான்கு ஏக்கரில் இயற்கை வேளாண்மை செய்கிறேன். மண், விதை என்று எழுதுகிறவன் இந்த முறை உடம்பைப் பற்றி எழுதக் காரணம், நான் செய்த ஒரு தப்பு.

போன சம்பாவில் பக்கத்து வயல்காரர் காலில் சீமைக்கருவேல முள் குத்தியது. வயது ஐம்பத்தெட்டு, பத்து வருடமாகச் சர்க்கரை. அன்று ராத்திரி, “முள்ளைப் பிடுங்கிட்டேன் சார், ஆனா வலி உயிர் போகுது” என்றார். பார்த்தால் கடுகளவு புள்ளி, லேசான வீக்கம். “மஞ்சளும் வேப்பெண்ணெயும் போடுங்க, காலையில பாத்துக்கலாம்” என்றேன். காலையில் வீக்கம் கெண்டைக்கால் வரை ஏறியிருந்தது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு, நொண்டியபடியே மடை பார்க்கப் போய்விட்டார். மறுநாள் விடிகாலையில் பேச்சு குழறியது. 108-ல் ஏற்றினோம். உயிர் பிழைத்தார், முழங்காலுக்குக் கீழே கால் போய்விட்டது.

‘நெக்ரோடைசிங் ஃபேசியைடிஸ்’ என்றார்கள். தோலுக்கு அடியில், தசையைப் போர்த்தியிருக்கும் சவ்வு வழியாகக் கிருமி பரவி அழுகச் செய்யும் நோய். மேல்தோல் முதலில் நன்றாகவே தெரியும். உள்ளே ரத்தக்குழாய்கள் அடைபட்டுவிடும். அந்த ஆழத்துக்கு மஞ்சள் போகாது. ரத்தம் ஓடாத இடத்துக்கு ஊசி மருந்தும் போய்ச் சேராது. அதனால்தான் ஆன்டிபயாட்டிக்கோடு, அழுகியதை அறுத்தும் எடுக்கிறார்கள். நல்ல சிகிச்சை கிடைத்தும் ஐந்தில் ஒருவர், நால்வரில் ஒருவர் என்ற அளவில் இறந்துபோகிற நோய் இது.

பிழைப்பதைத் தீர்மானிப்பவை

1. நேரம். முதல் அறுவை எவ்வளவு சீக்கிரம் நடக்கிறது என்பதே நம் கையில் இருக்கும் பெரிய விஷயம். பயிர்க்கடன் வாராக்கடனாக இரண்டு பருவம் கெடு உண்டு. இதற்குக் கெடு மணிக்கணக்கில்தான்.
2. போய்ச் சேரும்போது உள்ள நிலை. ரத்த அழுத்தம் விழுந்து, சிறுநீர் குறைந்து, நினைவு தடுமாறிய பிறகு போனால் ஆபத்து பல மடங்கு.
3. அறுவையின் அளவு. அழுகியது மிச்சம் இருந்தால் மறுபடி பரவும். ஒன்றிரண்டு நாளில் திரும்பவும் திறந்து பார்ப்பார்கள். “எத்தனை தடவைதான் வெட்டுவீங்க?” என்று டாக்டரிடம் சண்டை போடாதீர்கள்.
4. வயது, சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, குடியால் கெட்ட கல்லீரல். அறுபதைத் தாண்டிய என்னைப் போன்றவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.
5. இடம். கை கால்களை விட வயிறு, முதுகுப் பக்கம் வந்தால் சமாளிப்பது கடினம்.

எப்போது ஓட வேண்டும்?

கண்ணுக்குத் தெரியும் காயத்தை விட வலி பல மடங்கு இருந்தால், அதுவே முதல் எச்சரிக்கை. சிவப்பின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு, மணியையும் குறித்து வையுங்கள். கோட்டைத் தாண்டினால் கிளம்பிவிடுங்கள். காய்ச்சல், படபடப்பு, கட்டைபோல் இறுகிய வீக்கம், கருநீல நிறம், நீர்க்கொப்புளம், அழுத்தினால் நறநறப்பு, இதில் எது வந்தாலும் அறுவை சிகிச்சை வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கே போக வேண்டும். திடீரென்று வலி நின்று மரத்துப்போனால் குணமாகிறது என்று நினைக்காதீர்கள். நரம்பு செத்துக்கொண்டிருக்கலாம். வலி மாத்திரையும் இப்படித்தான் ஏமாற்றும்.

வராமல் காக்க

காயம் பட்டவுடன் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். சாணி, சாம்பல் அப்பாதீர்கள். டி.டி. ஊசி இசிவு நோய்க்கு அவசியம்; ஆனால் இந்த நோயைத் தடுக்காது. ஜீவாமிர்தத்தில் இருக்கும் நுண்ணுயிர் மண்ணுக்குத்தான் நண்பன், நம் ரத்தத்துக்கு அல்ல. கையில் வெட்டு இருந்தால் கையுறை போட்டுக் கரையுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் தினமும் ராத்திரி உள்ளங்காலைப் பாருங்கள்.

அவர் இப்போது செயற்கைக் காலோடு வரப்பில் நடக்கிறார். “நீங்க மட்டும் என்ன கண்டீங்க சார்” என்பார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. நீங்களாவது தெரிந்துகொள்ளுங்கள்; பக்கத்து வயல்காரரிடமும் சொல்லுங்கள்.