க்ரீம் குறையட்டும், வடித்த தண்ணீர் சேரட்டும்

கேள்வி: எங்களுக்குச் சொந்த ஊர் மதுரைப் பக்கம். இப்போது இங்கிலாந்தில் பர்மிங்ஹாமில் இருக்கிறோம். பிள்ளைகள் இருவரும் ஒரு நாள் கூடப்படிக்கும் பையன் வீட்டில் பேக்கனும் காய்கறியும் போட்ட க்ரீம் பாஸ்தா சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். அன்றிலிருந்து அதையே கேட்கிறார்கள். வேலை முடிந்து வந்து ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவசர அவசரமாகச் செய்கிறேன். அடுப்பில் இருக்கும்போது தளதளவென்று இருப்பது, தட்டில் போட்டு மேஜைக்குக் கொண்டுவருவதற்குள் இறுகிக் கட்டியாகிவிடுகிறது. சில நாள் சாஸ் திரிந்து எண்ணெய் தனியாக நிற்கிறது. கொழுப்பு குறைவாக இருக்கட்டும் என்று சிங்கிள் க்ரீம்தான் வாங்குகிறேன், ஒரு டப்பா முழுவதும் ஊற்றுகிறேன். கடைசியில் கொஞ்சம் எலுமிச்சையும் பிழிகிறேன். பேக்கன் முறுகுவதே இல்லை; வெள்ளையாக நுரை தள்ளி, வேகவைத்த இறைச்சி மாதிரி ஆகிவிடுகிறது. உப்பும் தூக்கலாகிவிடுகிறது. பிள்ளைகள் காயை ஓரமாக ஒதுக்கிவைக்கிறார்கள். கூட வேலை பார்க்கும் இத்தாலியப் பெண்ணோ, க்ரீம் ஊற்றுவதே தப்பு என்கிறாள். எங்கே சரிசெய்ய வேண்டும்?
— ஒரு வாசகி, பர்மிங்ஹாம்

பதில்: அன்புத் தங்கைக்கு, நீங்கள் சொன்ன குறைகளில் பாதி ஒரே இடத்தில் பிறக்கிறது. பாஸ்தாவை வடிகட்டியில் கொட்டி, அந்தத் தண்ணீரைத் தொட்டிக்குள் விட்டுவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். க்ரீம் பாஸ்தாவின் குழைவு க்ரீமால் வருவது கொஞ்சம்தான். பாஸ்தா வெந்த தண்ணீரும் பேக்கன் விட்ட கொழுப்பும் ஒன்றாகக் கலந்து நிற்பதுதான் சாஸ். அதற்கு மேல் வாசனைக்கும் நிறத்துக்கும் ஊற்றுவதுதான் க்ரீம். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் வழிக்கு வந்துவிடும்.

சோறு வடித்த கஞ்சியை நமக்குத் தெரியும்; பாஸ்தா வெந்த தண்ணீரும் அதே சங்கதிதான். கோதுமை மாவுச்சத்து சூட்டில் உப்பி, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரைந்துவருகிறது. தண்ணீரும் கொழுப்பும் தாமாக ஒட்டாது. இந்த மாவுச்சத்து நடுவில் நின்று கொழுப்புத் துளிகளை மறுபடி ஒன்றுசேரவிடாமல் பிரித்துவைக்கிறது. அதனால் எண்ணெய் தனியாக மிதக்காது. தண்ணீர் அளவையும் கவனியுங்கள். நூறு கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் என்பது இத்தாலிய வீடுகளின் கணக்கு. நம் வேலைக்கு அவ்வளவு வேண்டாம். 350 கிராமுக்கு இரண்டரை லிட்டர் போதும். தண்ணீர் குறைந்தால் கஞ்சித்தன்மை கூடும். ஒட்டாமல் இருக்க முதல் இரண்டு நிமிடம் கிளறிவிட வேண்டும், அவ்வளவுதான்.

பாஸ்தா வாங்கும்போது துரும் கோதுமை ரவையில் செய்ததா என்று பாருங்கள். இத்தாலியில் விற்க உலர் பாஸ்தா தயாரித்தால் துரும் கோதுமையில்தான் செய்ய வேண்டும் என்று 1967-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். உறையில் வெண்கல அச்சில் பிழிந்தது என்று போட்டிருந்தால் இன்னும் நல்லது. அதன் மேல்புறம் சொரசொரப்பாக, மாவு படிந்ததுபோல் இருக்கும். சாஸ் அதில்தான் பற்றும். வழவழவென்று மின்னும் பாஸ்தாவில் சாஸ் வழுக்கி அடியில் தங்கிவிடும்.

இனி க்ரீம். உங்கள் ஊரில் சிங்கிள் க்ரீமில் கொழுப்பு ஏறக்குறைய 18 சதவீதம், டபுள் க்ரீமில் 48. திரிவது கொழுப்பால் அல்ல, பால் புரதத்தால். கொழுப்பு குறைந்த க்ரீமில் புரதமும் தண்ணீரும் அதிகம். கொதிக்கவிட்டு, அதில் புளிப்பும் சேர்ந்தால் புரதம் திரண்டு குருணை குருணையாகிவிடும். நீங்கள் சிங்கிள் க்ரீமைக் கொதிக்கும் வாணலியில் ஊற்றி, எலுமிச்சையும் பிழிகிறீர்கள். அது திரியாமல் என்ன செய்யும்? டபுள் க்ரீம் கொதியைத் தாங்கும். உடம்புக்கு ஆகாதே என்று பயப்பட வேண்டாம், கணக்குப் போட்டுப் பாருங்கள். 250 மில்லி சிங்கிள் க்ரீமில் இருக்கும் கொழுப்பு 45 கிராம். நான்கு பேருக்கு நான் சொல்லும் 100 மில்லி டபுள் க்ரீமில் 48 கிராம். வித்தியாசம் மூன்றே கிராம், சாஸோ திரியாது. புளிப்பு வாசனை பிடிக்கும் என்றால் சாற்றை விட்டுவிட்டு, எலுமிச்சையின் மஞ்சள் தோலை மட்டும் மெல்லிசாகத் துருவி மேலே போடுங்கள்.

பேக்கன் விஷயத்தில் தப்பு பெரும்பாலும் கடையிலேயே நடந்துவிடுகிறது. உங்கள் ஊர்க் கடைகளில் அதிகம் விற்பது பேக் பேக்கன். பன்றியின் முதுகுப் பக்கத்து இறைச்சி. கொழுப்பு குறைவு. பலவற்றில் உப்புத் தண்ணீரை ஊசியால் ஏற்றிப் பதப்படுத்தியிருப்பார்கள். உறையைத் திருப்பிப் படித்தால், தண்ணீர் சேர்க்கப்பட்டது என்று சிறிய எழுத்தில் இருக்கும். வாணலியில் வெள்ளையாகத் தள்ளும் நுரை, அந்தத் தண்ணீரோடு கரைந்துவந்து சூட்டில் உறைந்த புரதம். அந்த ஈரம் வற்றும்வரை வாணலியின் சூடு நூறு டிகிரியைத் தாண்டாது; அதற்குள் இறைச்சி வெந்துதான் போகும், முறுகாது. அதற்குப் பதிலாக ஸ்ட்ரீக்கி பேக்கன் வாங்குங்கள். வயிற்றுப் பகுதி, கொழுப்பும் தசையும் வரிவரியாக ஓடும். அதிலும் ட்ரை க்யூர்டு என்று போட்டதைப் பார்த்து எடுங்கள்: உப்பைத் தேய்த்து ஊறவைத்தது, தண்ணீர் ஏற்றாதது. புகையிட்டதாக இருந்தால் இந்தச் சாப்பாட்டுக்குப் பொருத்தம்.

வாணலியைக் காயவைக்காதீர்கள். எண்ணெயும் வேண்டாம். விரல் அகலத்துக்கு நறுக்கிய பேக்கனைக் குளிர்ந்த வாணலியில் பரப்பி, அதன் பிறகு அடுப்பைச் சிறு தீயில் பற்றவையுங்கள். கொழுப்பு மெதுவாக உருகி வெளியே வரும். எட்டு, பத்து நிமிடத்தில் துண்டுகள் தம் கொழுப்பிலேயே பொரிந்து சிவக்கும். முதலிலேயே தீயைக் கூட்டினால் வெளியே கருகி, உள்ளே கொழுப்பு உருகாமல் ரப்பராக நிற்கும். சிவந்த துண்டுகளைத் தட்டில் எடுத்துவையுங்கள். அவை சாஸில் கொதிக்கக் கூடாது. பரிமாறும் நேரத்தில்தான் திரும்பி வரவேண்டும். வாணலியில் இரண்டு மேசைக்கரண்டிக் கொழுப்பை நிறுத்திக்கொண்டு மிச்சத்தை வடித்துவிடுங்கள்.

உப்பு எங்கெங்கிருந்து வருகிறது என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள். பேக்கனில் இருக்கிறது, பார்மசான் சீஸில் இருக்கிறது, பாஸ்தாத் தண்ணீரில் இருக்கிறது. அந்தத் தண்ணீர் வாணலியில் வற்றும்போது இன்னும் கூடுகிறது. லிட்டருக்குப் பத்து கிராம் என்ற வழக்கமான அளவை இதற்குப் பாதியாகக் குறையுங்கள். சாஸில் தனியாக ஒரு கல் உப்பும் வேண்டாம். மிளகைத் தாராளமாக, கையால் இடித்துப் போடுங்கள்.

பிள்ளைகள் காயை ஒதுக்குவதற்குப் பெரும்பாலும் ருசி காரணமில்லை, அளவுதான் காரணம். ஒதுக்க முடிகிற அளவில் இருந்தால் ஒதுக்குவார்கள். சங்கு வடிவப் பாஸ்தா வாங்கிப் பச்சைப் பட்டாணியைப் போட்டுப் பாருங்கள். கிளறும்போதே பட்டாணி சங்குக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். நான் இதில் முதலில் சேர்ப்பது லீக்ஸ். உங்கள் ஊரில் குளிர்காலம் முழுக்கக் கிடைக்கும், பேக்கனுக்கும் க்ரீமுக்கும் அதைவிட நல்ல துணை எனக்குத் தெரியாது. நீளவாக்கில் பிளந்து, மடிப்புக்குள் இருக்கும் மண் போகக் கழுவி, மெல்லிசாக அரிந்து பேக்கன் கொழுப்பில் சிறு தீயில் வதக்குங்கள். பதினைந்து நிமிடத்தில் கரைந்து சாஸோடு சாஸாகிவிடும். ஒதுக்க எதுவும் இருக்காது. காளான் போடுவதாக இருந்தால் அதைத் தனி வாணலியில், பெருந்தீயில், உப்பில்லாமல் வதக்குங்கள். அதில் பெரும்பகுதி தண்ணீர். உப்புப் பட்டதும் விட்டுவிடும், சாஸ் நீர்த்துப்போகும். ப்ரோக்கோலியைச் சிறு பூக்களாக்கி, பாஸ்தா வேகும் பானையிலேயே கடைசி மூன்று நிமிடம் போட்டால் போதும். பட்டாணிக்குக் கடைசி ஒரு நிமிடம். குடைமிளகாயை நான் இதில் சேர்ப்பதில்லை, அதன் தித்திப்பு க்ரீமோடு சேர்ந்து திகட்டுகிறது.

இப்போது எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்ப்போம். நான்கு பேருக்குப் பாஸ்தா 350 கிராம், பேக்கன் 150, ஒரு பெரிய லீக்ஸ், ப்ரோக்கோலி பாதிப் பூ, உறைய வைத்த பட்டாணி 150 கிராம், டபுள் க்ரீம் 100 மில்லி, பார்மசான் 40 கிராம். பேக்கன் பொரித்து எடுத்து, லீக்ஸ் வதங்கத் தொடங்கிய பிறகு பாஸ்தாவைக் கொதிநீரில் போடுங்கள். உறையில் பதினொரு நிமிடம் என்றிருந்தால் ஒன்பதாவது நிமிடமே எடுத்துவிட வேண்டும். நடுவில் பல்லுக்குக் கடி இருக்கும். மிச்ச வேக்காடு சாஸில் நடக்கும். வடிப்பதற்கு முன் இரண்டு குவளைத் தண்ணீரை மறக்காமல் எடுத்துவையுங்கள். பாஸ்தாவையும் காயையும் லீக்ஸ் இருக்கும் வாணலிக்கு மாற்றி, ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி, தீயைக் கூட்டி, ஒன்றரை நிமிடம் நிறுத்தாமல் புரட்டுங்கள். கொழுப்பும் தண்ணீரும் கலந்து வெண்மையாகத் திரள்வது கண்ணுக்கே தெரியும். அப்போது க்ரீம். ஒரு கொதி வந்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள்.

சீஸ் அணைத்த பிறகுதான். கொதிக்கும்போது போட்டால் அதன் புரதம் இறுகி நூல்நூலாகக் கரண்டியில் சுற்றிக்கொள்ளும். கட்டியாக வாங்கி நீங்களே மெல்லிசாகத் துருவுங்கள். துருவியே விற்கும் சில சீஸ்களில் ஒட்டாமலிருக்க மாவு ஏதாவது சேர்த்திருப்பார்கள், அது சரியாகக் கரையாது.

கடைசியில் சாஸ் கொஞ்சம் அதிகமாகத் தளர்ந்துவிட்டதோ என்று உங்களுக்குத் தோன்ற வேண்டும். அந்தப் பதம்தான் சரி. தட்டுக்கு வந்த பிறகும் பாஸ்தா தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். சூடு இறங்க இறங்கக் கொழுப்பும் மாவும் இறுகும். வாணலியில் சரியாக இருந்தது மேஜையில் கட்டியானது இதனால்தான். தட்டுகளை வெந்நீரில் முக்கித் துடைத்து எடுத்தால் இன்னும் சில நிமிடம் தாங்கும். எடுத்துவைத்த இரண்டாவது குவளையையும் மேஜைக்கே கொண்டுபோங்கள்.

உங்கள் இத்தாலியத் தோழி மனதில் வைத்திருப்பது ரோம் நகரத்துக் கார்பொனாரா. முட்டை, பெக்கொரீனோ சீஸ், மிளகு, குவான்சாலே என்னும் பதப்படுத்திய பன்றிக் கன்னம், இவ்வளவுதான் அதில் இருக்க வேண்டும் என்பது இன்றைய ரோமாபுரியின் தீர்மானம். அந்த அளவில் அவர் சொல்வது சரி. ஆனால் அந்தத் தீர்மானமே பிற்காலத்தது. லா குச்சீனா இத்தாலியானா இதழ் 1954-ல் வெளியிட்ட கார்பொனாராக் குறிப்பில் பூண்டும் க்ருயேர் சீஸும் இருந்தன. லூயிஜி கார்னாச்சீனா என்ற புகழ்பெற்ற சமையல் ஆசிரியர் 1960-ல் தம் புத்தகத்தில் க்ரீமே சேர்த்திருக்கிறார். அது ஒரு பக்கம் இருக்கட்டும், நீங்கள் செய்வது கார்பொனாரா அல்ல. க்ரீம், பதப்படுத்திய பன்றித் தொடை, பட்டாணி மூன்றும் போட்ட பாஸ்தா இத்தாலிய வீடுகளில் 1980-களில் வாரம் தவறாமல் சமைக்கப்பட்ட சாப்பாடு. 'பான்னா, ப்ரொஷூட்டோ எ பிசெல்லி' என்பார்கள். உங்கள் தோழியின் அம்மாவைக் கேட்டால் அவர் அதைச் சமைத்திருக்கக் கூடும். உங்கள் பாஸ்தா அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது, கூச்சமே வேண்டாம்.

பேக்கன் அளவை நான் குறைத்துச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பதப்படுத்திய இறைச்சி புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் வகைப்படுத்தியது. சிவப்பு இறைச்சியும் பதப்படுத்திய இறைச்சியும் சேர்த்து நாளுக்கு 70 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது உங்கள் ஊர் அரசுச் சுகாதாரச் சேவையான என்எச்எஸ். ஆளுக்கு 40 கிராம்கூட வராத இந்த அளவில் வாசனைக்குக் குறையிருக்காது. ஆனாலும் வளரும் பிள்ளைகளுக்கு இதை வாரம் ஒரு முறைக்கு மேல் வேண்டாம். பன்றி சாப்பிடாத விருந்தாளி வந்தால் வான்கோழி பேக்கன் போடலாம். அதில் கொழுப்பு குறைவு என்பதால் வெண்ணெய் இரண்டு கரண்டி சேருங்கள். சைவர்கள் வந்தால் பார்மசானும் ஆகாது, கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் கொண்டுதான் அதை உறையவைக்கிறார்கள். சைவம் என்று குறித்த கெட்டிச் சீஸ் எந்தப் பெரிய கடையிலும் கிடைக்கும்.

வேலை நாளில் நேரம் போதவில்லை என்றால் முதல் நாள் ராத்திரியே லீக்ஸை வதக்கி, ப்ரோக்கோலியை நறுக்கிக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். பாஸ்தாவை மட்டும் முன்கூட்டி வேகவைக்காதீர்கள். மிஞ்சினால் சூடு ஆறியதும் மூடி உள்ளே வைத்து இரண்டு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். மைக்ரோவேவில் அப்படியே வைத்தால் எண்ணெய் பிரிந்துவிடும். வாணலியில் நான்கு கரண்டி பால் ஊற்றி, மிச்சத்தைப் போட்டு, சிறு தீயில் கிளறிக் கிளறி ஆவி பறக்கும்வரை சூடாக்குங்கள். மாவுச்சத்து ஏற்கெனவே அதில் இருப்பதால் பால் அதோடு சேர்ந்து மறுபடி சாஸாகிவிடும்.