இருளிலும் நிற்காத கடிகாரம்

பெங்களூரு பிரேசர் டவுனில் வசிக்கும் அன்பர் ஒருவர் கணினி நிறுவனமொன்றில் இரவுப் பணி செய்கிறார். நிறுவனத்தின் வண்டி அவரை மாஸ்க் ரோடு முனையில் இறக்கிவிடும் வேளையில், கோல்ஸ் பார்க்கில் மற்றவர்கள் நடைப்பயிற்சியைத் தொடங்கியிருப்பார்கள். "ஏழு மணி நேரம் படுத்திருக்கிறேன் சுவாமிஜி, உறங்குவதோ நான்கு மணி நேரம்தான். எனக்கு மன உறுதி போதவில்லையா?" என்று கேட்டார். மன உறுதியைப் பற்றி உபதேசிப்பது எளிது. ஆனால், உடலின் நியமத்தை அறியாமல் மனத்தின்மீது பழி சுமத்துவது நியாயமாகாது.

அவரது வீட்டிற்கு வடக்கே, ஜக்கூரில், ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையம் உள்ளது. அங்கே பழ ஈக்களை 600 தலைமுறைகளுக்கும் மேலாக, இரவே இல்லாத ஓயாத வெளிச்சத்தில் வளர்த்தார்கள். அத்தனை தலைமுறைகளும் இரவையே கண்டதில்லை. ஆயினும் கூட்டிலிருந்து ஈக்கள் வெளிவருவதில் நாள்தோறும் அமையும் ஒழுங்கு அழியவில்லை என்று 1999-இல் அவர்கள் அறிவித்தனர். ஒளி இந்தத் தாளத்தைப் படைப்பதில்லை. தாளம் உள்ளேயே இருக்கிறது.

அந்த ஆய்வாளர்களுள் ஒருவர் எம்.கே. சந்திரசேகரன். அதற்கு முன் அவர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். மதுரைக்கு அருகே இருண்ட குகையொன்றில் அவரது குழுவினர் சில வௌவால்களைக் கூண்டில் அடைத்து வைத்தனர். மற்ற வௌவால்கள் மாலையில் பறந்து சென்று விடியுமுன் திரும்பின. சூரியனையே காணாத கூண்டு வௌவால்கள், தோழர்களின் போக்குவரவைக் கொண்டே காலத்தைச் சரியாகக் காத்தன. தோழர்கள் இல்லாதபோது அவற்றின் 'நாள்' 24 மணி நேரத்திலிருந்து விலகிச் சென்றது. கடிகாரம் உள்ளே இருந்தாலும் அதைத் திருத்த வெளியிலிருந்து ஒரு குறிப்பு வேண்டும். நமக்கு அக்குறிப்புகளுள் தலையாயது ஒளி.

கடிகாரம் என்று நாம் சொல்வது மரபணுக்களின் ஒரு சுழற்சியே. 'கிளாக்', 'பிமால்' என்னும் இரு புரதங்கள் இணைந்து 'பீரியட்', 'கிரிப்டோகுரோம்' என்னும் மரபணுக்களை இயக்குகின்றன. இவற்றிலிருந்து உண்டாகும் புரதங்கள் பெருகி, உயிரணுவின் உட்கருவினுள் புகுந்து, தம்மைத் தோற்றுவித்த அந்த இணையையே தடுக்கின்றன. பின்னர் அவை சிதைந்து குறைய, தடை நீங்கிச் சுழற்சி மீண்டும் தொடங்குகிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு நாள். பழ ஈயில் இத்தகைய சுழற்சியைக் கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கு 2017-இல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. இச்சுழற்சி மேலும் பல மரபணுக்களை வேளை பார்த்து எழுப்பியும் அடக்கியும் வைக்கிறது. பபூன் குரங்குகளின் பல உறுப்புகளை ஆராய்ந்த 2018-ஆம் ஆண்டு ஆய்வில், புரதம் தரும் மரபணுக்களுள் 80 விழுக்காட்டிற்கும் மேற்பட்டவை ஏதேனும் ஓர் உறுப்பிலாவது நாள்தோறும் ஏறி இறங்குவது தெரிந்தது.

ஒளி இதில் எவ்வாறு தலையிடுகிறது? விழித்திரையில், உருவங்களைக் காண்பதற்கென்றன்றி வெளிச்சத்தின் அளவை அறிவதற்கென்றே 'மெலனாப்சின்' என்னும் நிறமியைத் தாங்கிய உயிரணுக்கள் உள்ளன. இவை அனுப்பும் செய்தி, பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்திற்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்களைக் கொண்ட சிறு மையத்தை அடைகிறது. அங்கே 'பீரியட்' மரபணு இரவு வேளையிலும் தூண்டப்படுகிறது. முன்னிரவில் பட்ட ஒளி கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும். விடியலை ஒட்டிய ஒளி முன்னுக்கு இழுக்கும்.

நம் அன்பரின் இடர் இப்போது விளங்கும். வீடு திரும்பும் வழியில் அவர் கண்ணில் படும் காலைக் கதிர், 'பகல் வந்துவிட்டது' என்று மூளைக்கு அறிவிக்கிறது. ஈரலின் கடிகாரமோ பெரும்பாலும் உணவு வேளையைப் பின்பற்றுவது. நள்ளிரவில் அவர் உண்ணும் பிரியாணி அதனிடம் வேறொரு கதை சொல்கிறது. ஒரே உடலில் இரு பஞ்சாங்கங்கள்! இரவுப் பணியை ஒத்த சூழலில் சிலரை வைத்து அமெரிக்காவில் நடத்திய ஆய்வு ஒன்று 2021-இல் வெளிவந்தது. இரவில் உண்டவர்களுக்கு இரத்தச் சர்க்கரை கூடியது. பகலில் மட்டும் உண்டவர்களுக்கு அவ்வாறு கூடவில்லை.

பிரம்ம முகூர்த்தத்தில் எழச் சொல்லியே பழகிய நாம், ஒருவரிடம் 'உதயத்தைப் பார்க்காதீர்' என்று சொல்ல நேர்ந்தது விந்தைதான். திரும்பும் வழியில் கறுப்புக் கண்ணாடி, ஜன்னலுக்குத் தடித்த திரை, நள்ளிரவுச் சாப்பாட்டை விடுத்துப் பணிக்குப் புறப்படுமுன் முழு உணவு: இவற்றை முயன்று பார்க்கச் சொன்னோம். இரண்டு மாதம் கழித்து வந்தார். உறக்கம் ஐந்தரை மணி நேரமாகியிருக்கிறது. ஆனால், விடுமுறை நாள்களில் குழந்தைகளுடன் பகலெல்லாம் விழித்திருப்பதால் திங்கட்கிழமை மீண்டும் குழம்பிவிடுகிறதாம். குழந்தைகளோடு கழிக்கும் அந்த இரு பகல்களையும் விட்டுவிடச் சொல்ல எமக்கு மனம் வரவில்லை. பகல் பணிக்கு மாற்றக் கோரி அவர் எழுதிய விண்ணப்பம் இன்னும் நிலுவையில் உள்ளது.