கையால் கற்கும் வரலாறு

முன்னுரை

வரலாறு என்றவுடன் அரசர் பெயர்களும் ஆண்டுக் கணக்குகளுமே மாணவர் நினைவுக்கு வருகின்றன. தேர்வு முடிந்ததும் அவை மறந்துபோகின்றன. சான்றைக் கண்டு, வினா எழுப்பி, விடை தேடும் பயிற்சியே மெய்யான வரலாற்றுக் கல்வியாகும். இதனை இல்லத்திலேயே தொடங்கலாம். ஊத்துக்கோட்டை வட்டாரத்தினராகிய நமக்கு இதற்கேற்ற சான்று அருகிலேயே உள்ளது. அதுவே அத்திரம்பாக்கம்.

அத்திரம்பாக்கத்தின் சிறப்பு

நம் ஊருக்குத் தெற்கே, கொசத்தலையாற்றுப் படுகையில் அமைந்த சிற்றூர் இது. 1863 மே திங்களில் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டறிந்த நிலவியல் அறிஞர் இராபர்ட் புரூஸ் ஃபுட், அவ்வாண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் இங்கும் அத்தகைய கருவிகளைக் கண்டார். 1999 முதல் தொல்லியல் அறிஞர் சாந்தி பப்பு குழுவினர் இங்கு அகழாய்வு செய்தனர். இங்குக் கிடைத்த கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுப் பழமையுடையன என 2011-இல் அறிவித்தனர். சிறு கருவிகள் செய்யும் புதிய முறை ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்குத் தோன்றிவிட்டதென 2018-இல் வெளியிட்டனர்.

முதற் பயிற்சி: காலக் கயிறு

இவ்வெண்களைப் பிள்ளைகள் எவ்வாறு உணர்வர்? 15 மீட்டர் கயிறு ஒன்றை முற்றத்தில் நீட்டுக. ஒரு மீட்டர் ஓர் இலட்சம் ஆண்டாகும். ஒரு முனை இன்று. மறுமுனை கைக்கோடரிக் காலம். இன்றைய முனையிலிருந்து 3.85 மீட்டரில் ஒரு முடிச்சிடுக. சங்க இலக்கியத்திற்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர். ஹிஜ்ரத் நிகழ்ந்த கி.பி. 622-க்கு 14 மில்லிமீட்டர்; பூண்டி நீர்த்தேக்கம் அமைந்த 1944-க்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. நாம் தொன்மையெனப் போற்றும் தமிழிலக்கியம் முழுதும் ஒரு பெருவிரல் அகலத்துள் அடங்குவதைக் கண்ட பிள்ளை கால அளவை எளிதில் மறவாது.

இரண்டாம் பயிற்சி: மண்ணடுக்கு

ஒரு மரப்பெட்டியில் களிமண், ஆற்றுமணல், செம்மண் என அடுக்கடுக்காக நிரப்புக. அடியில் கிளிஞ்சல், நடுவில் ஓட்டுத்துண்டு, மேலே சட்டைப் பொத்தான் எனப் புதைக்க. மற்றொரு பிள்ளை கரண்டியால் மெல்ல அகழட்டும். பொருளை எடுப்பதற்கு முன் அதன் ஆழம், அடுக்கு, அருகிலிருந்தவை ஆகியவற்றை ஏட்டில் குறிக்க வேண்டும். அடுக்குக் குலையாதவரை கீழுள்ளது முந்தியது, மேலுள்ளது பிந்தியது என்னும் விதி இவ்வாறு கைவழியே மனத்தில் பதியும்.

இப்பயிற்சி எனக்கும் ஒரு பாடமாயிற்று. மாணவப் பருவத்தில் அத்திரம்பாக்கம் சென்றபோது ஆர்வத்தால் ஒரு கல்லை எடுத்து வந்தேன். அதனை மேசைமேல் வைத்துப் பலருக்கும் பெருமையுடன் காட்டினேன். பெட்டியை அகழ்ந்து முடித்த என் மகள், “அத்தா, உங்கள் கல் எந்த அடுக்கில் இருந்தது?” என்று வினவினாள். என்னிடம் விடையில்லை. இனி எவராலும் விடை கூற இயலாது. கல் என்னிடம் உள்ளது. அதன் வரலாற்றை நானே அழித்துவிட்டேன்.

நிறைவுரை

பூண்டியில் மாநிலத் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் உள்ளது. பெற்றோரும் பெரியோரும் பிள்ளைகளை அங்கு அழைத்துச் செல்வார்களாக. அவர்கள் கையில் ஏடும் பென்சிலும் இருக்கட்டும். கண்டதை வரையட்டும், அளக்கட்டும், எழுதட்டும். வெளியே கிடக்கும் கல் மட்டும் அதன் இடத்திலேயே இருக்கட்டும்.