புள்ளைய யாரு பாத்துக்கிறது? குழுவாகச் சேர்ந்து வழி தேடுவோம்



நடவுக்கு ஆள் கூப்பிட்டால் நாம் முதலில் யோசிப்பது கூலியை அல்ல. "புள்ளைய யாரு பாத்துக்கிறது?" என்பதைத்தான். பெரியவர்கள் இல்லாத வீட்டில் மூத்த பெண் பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டுத் தம்பியைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள். இல்லாவிட்டால் நாம் அன்றைய கூலியை விடுகிறோம். ஆகவே சேமிப்பு, கடன் போலவே இதையும் குழுக் கூட்டத்தில் பேசியாக வேண்டும்.

நம்ம ஊரில் என்ன இருக்கு?

நாம் பால்வாடி என்று சொல்லும் அங்கன்வாடி, 1975-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தில் நடக்கிறது. நம் மாநிலத்தில் 2 வயது முடிந்த பிள்ளைகளுக்கு அங்கே மதிய உணவும் விளையாட்டோடு படிப்பும் உண்டு. அதற்கும் சின்னப் பிள்ளைகளுக்கு வீட்டுக்கே சத்துமாவு தருவார்கள். மாதாமாதம் எடை பார்ப்பார்கள். காசு கொடுக்க வேண்டாம். 6 மாதம் முதல் 6 வயது வரையுள்ள பிள்ளைக்கு அங்கன்வாடி உணவு உரிமை என்று 2013-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது.

மையமே இல்லாத குடியிருப்பா? 6 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் 40 பேர் இருந்தால், மக்கள் கேட்ட 3 மாதத்துக்குள் மையம் திறக்க வேண்டும் என்று 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை எண்ணுங்கள். அந்தப் பட்டியலோடு, உத்தரவையும் குறிப்பிட்டு மனு எழுதுங்கள்.

கைக்குழந்தைக்கு என்ன செய்வது? அங்கன்வாடியோடு காப்பகமும் நடத்த, 2022-ல் ஒன்றிய அரசின் 'பால்னா' திட்டம் வந்தது. நம் வட்டாரத்தில் உண்டா என்று குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் கேளுங்கள். இல்லையென்றால் நாலைந்து குடும்பம் சேர்ந்து, குழுவில் நம்பிக்கையான ஒருவரிடம் பிள்ளைகளை விடலாம். அவருக்கு எவ்வளவு தருவது, எத்தனை மணி வரை என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிட வேண்டும். உறவுக்காரர்தானே என்று சும்மா வேலை வாங்கக் கூடாது.

விடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

1. தொட்டி, கிணறு மூடியிருக்கிறதா? அண்டாவில் நிற்கும் தண்ணீர்கூடத் தவழும் பிள்ளைக்கு ஆபத்து.
2. அடுப்பு, மண்ணெண்ணெய், பூச்சிமருந்து, மாத்திரை எட்டாத இடத்தில் உள்ளதா?
3. குடிதண்ணீர், கழிப்பறை, கை கழுவ சோப்பு இருக்கிறதா?
4. பார்ப்பவர் பிள்ளையோடு பேசுகிறாரா, அடிக்கிறாரா?
5. திடீரெனக் காய்ச்சல் வந்தால் யாருக்குச் சொல்வார்?

குறை இருந்தால்

முதலில் பால்வாடி டீச்சரிடம் தன்மையாகப் பேசுங்கள். உதவியாளர் இல்லாமல் சமையல், பதிவேடு, பிள்ளைகள் எல்லாவற்றையும் அவர் ஒருவரே பார்த்துக்கொண்டிருக்கலாம். அப்படியானால் ஆள் போடச் சொல்லி அவருக்காகவும் நாம் கேட்க வேண்டும். சுவர் விரிசல், தண்ணீர் இல்லாமை போன்றவற்றைக் கிராம சபையில் தீர்மானமாக வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை சபை கூடும் நாட்கள். மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்க மறக்காதீர்கள். ஒருத்தி போய்க் கேட்டால் "பார்க்கலாம்" என்பார்கள். இருபது பேர் கையெழுத்தோடு போனால் உட்கார வைத்துப் பேசுவார்கள்.

இந்த மாதக் கூட்டத்தில் பேச

• நம் குழுவில் 6 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர்?
• தம்பி தங்கையைப் பார்க்கப் பள்ளியை விட்ட பெண் பிள்ளை யாராவது இருக்கிறாளா? அவளை மறுபடி அனுப்ப நாம் என்ன செய்யப் போகிறோம்?
• மையத்தைப் பார்த்துவர எந்த இரண்டு பேர், என்றைக்குப் போவது?