ரெட் ஏன் 'ஹெஜி' ஆகுது?

போன செமஸ்டர்ல ஒரு ஆன்லைன் ரோபாட்டிக்ஸ் ப்ராஜெக்ட். டீம்ல நாங்க மூணு பேர், கூட பிரேசில்ல இருந்து ஒரு மாணவர். டெமோவுக்கு முந்தின ராத்திரி, வீடியோ கால்ல அவர் ஒரு வயரைக் கழட்டச் சொன்னார். என் காதுல 'ஹெட்' வயர்னு விழுந்துச்சு. ரோபோவோட தலையில இருந்ததைப் பிடுங்கிட்டேன். அவர் சொன்னது ரெட்!

மியூட் போட்டதா நினைச்சு மூணு பேரும் சிரிச்சோம். மியூட் விழவே இல்லை. அவர் கேமராவை ஆஃப் பண்ணிட்டார். அதுக்கப்புறம் பேசவே இல்லை, எல்லாம் சாட்லதான்.

அந்த உறுத்தல்ல தேடிப் படிச்சதுதான் இது. அவர் செஞ்சது தப்பு இல்லைங்க, விதி. மூணு விதி.

விதி 1: கடைசியில ஒரு 'இ'. போர்ச்சுகீஸ் சொற்கள் பெரும்பாலும் உயிர் ஒலியில் முடியும். இல்லையென்றால் எஸ், ஆர், எல், எம் போன்ற சில எழுத்துகளில் முடியும். க், ட், ப்-ல் முடிந்தால் பிரேசில்காரர் நாக்கு தானாக ஒரு 'இ' சேர்க்கும். ஃபேஸ்புக் அங்கே 'ஃபேஸிபுக்கி'. சிரிக்காதீங்க, நாம பஸ்ஸை 'பஸ்ஸு'ன்னும் பேங்கை 'பேங்க்கு'ன்னும் சொல்றோமே! அவங்களுக்கு இ, நமக்கு உ.

விதி 2: 'இ'க்கு முன்னால் வரும் ட் 'ச்' ஆகும், ட-வின் மென்மையான ஜோடி 'ஜ்' ஆகும். அதனால் இன்டர்நெட் 'இன்டெர்நெச்சி'. சாப்பிடு என்ற அர்த்தத்தில் 'ஈட்' என்று சொல்ல வந்தால், கேட்பவருக்கு 'ஈச்' என்று விழும். பிரேசில் முழுக்க இப்படி இல்லை. வடகிழக்கில் ரெசிஃபே பக்கம் பலர் 'ட்'டை அப்படியே வைத்திருப்பார்கள்.

விதி 3: சொல்லின் முதலில் வரும் ஆர், 'ஹ' மாதிரி ஒலிக்கும். ரியோ அவங்க வாயில 'ஹீயு'. கால்பந்து ரசிகர்களே, 2002 உலகக்கோப்பை ரொனால்டோவை அவர் ஊர்ல 'ஹொனாவ்டு'ன்னுதான் கூப்பிடுவாங்க. நடுவில் இருந்த எல்லும் 'வ்' ஆகிவிட்டதைக் கவனிங்க.

இப்போ மூணையும் 'ரெட்' மேல போடுங்க. ர, ஹ ஆச்சு. கடைசியில இ வந்துச்சு. அது ட்-ஐ ஜ் ஆக்குச்சு. ஹெஜி!

திருத்துவது எப்படி? கடைசி 'இ'க்கு: உயிர் ஒலியில் தொடங்கும் சொல்லைப் பின்னால் சேர்த்து 'ரெட் ஆப்பிள்' என்று ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். பிறகு ஆப்பிளை மனசுக்குள் மட்டும் சொல்லி, நாக்கை ட்-லேயே நிறுத்த வேண்டும். இ வர இடமே இருக்காது.

ஆர்-க்கு வழி எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. சாவோ பாவ்லோ மாநிலத்தின் உள்பகுதியில், கதவு என்ற பொருள் தரும் 'போர்ட்டா' போன்ற சொற்களில் ஆர்-ஐ நாக்கை மடக்கி, அமெரிக்கர் மாதிரியே உச்சரிப்பார்கள். அதற்குப் பெயர் 'கைபிரா' ஆர். பட்டிக்காட்டுப் பேச்சு என்று அங்கேயே கிண்டல் செய்யப்படும் ஒலி அது. ஆனா இங்கிலீஷுக்குத் தேவையானது அதேதான்! சொல்லின் நடுவில் இருப்பதை முதலுக்குக் கொண்டுவந்தால் போதும்.

சாரி கேட்டு, இதையும் அவருக்கு டைப் பண்ணி அனுப்பினேன். "அது எங்க பாட்டியோட ஆர். காலேஜ் சேர்ந்ததும் மறைக்கக் கத்துக்கிட்டேன்"னு பதில் வந்துச்சு. அடுத்த கால்ல கேமரா ஆன். முதல் வார்த்தையே 'ரெட்'. கடைசியில கொஞ்சூண்டு இ இருந்துச்சு, ஆனா புரிஞ்சுது.

இப்போ உங்க முறை. பிளேஸ்மென்ட் சீசன் வருது. பஸ், பேங்க், கார்டுன்னு மூணையும் போன்ல ரெக்கார்ட் பண்ணிக் கேளுங்க. கடைசியில ஒரு 'உ' கேட்குதா? கேட்டா, 'கார்ட் ஆஃபர்'னு சேர்த்துச் சொல்லிப் பாருங்க. மருந்து ஒண்ணுதான்.