வேட்டை இன நாய்க்குப் பனிச்சட்டை தேர்ந்தெடுத்தல்

கார்த்திகை பிறந்துவிட்டால் நீலகிரி, கொடைக்கானல் மலைத் தோட்டங்களில் காவல் நாயின் முதுகில் பழைய சணல் சாக்கைக் கட்டிவிடுவோர் உண்டு. அக்கறையினால் செய்வதுதான். ஆனால் இரவுப் பனியில் சாக்கு நனைந்துவிட்டால், வெறும் உடம்போடு இருக்கும் நாயைவிடச் சாக்குக் கட்டிய நாய்க்கே குளிர் அதிகம். மண்பானையைச் சுற்றி ஈரத்துணி கட்டினால் உள்ளே உள்ள தண்ணீர் குளிர்வதைப் போல, ஈரச் சாக்கு நாயின் உடல் சூட்டை வெளியே இழுத்துவிடுகிறது. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு விரைவாகச் சூட்டைக் கடத்தக்கூடியது. ஆகவே நாய்க்குச் சட்டை வாங்கினாலும் தைத்தாலும் முதலில் பார்க்க வேண்டியது தடிமனை அல்ல. அது ஈரத்தை உறிஞ்சுமா என்பதையே.

சிப்பிப்பாறை, கன்னி, இராஜபாளையம் ஆகிய நம் நாட்டு இனங்கள் வேட்டைக்கென வளர்க்கப்பட்டவை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பிறகு முயல் வேட்டைக்குக்கூட நாயைக் கொண்டு செல்லக் கூடாது. இப்போது இவை பெரும்பாலும் தோட்டக் காவலுக்கும் வீட்டுக் காவலுக்குமே வளர்க்கப்படுகின்றன. தொழில் மாறினாலும் உடலமைப்பு மாறவில்லை. சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் ஒட்டிய வயிறு, மெல்லிய தோல், குட்டை மயிர். தோலுக்கடியில் கொழுப்பு மிகக் குறைவு. காய்ந்த தென்மாவட்டக் கரிசல் பூமியில் ஓடுவதற்கு ஏற்ற உடம்பு அது. இமயமலை ஆட்டுக் கிடை நாய்களுக்கு நீண்ட மேல் மயிரும், அதனடியில் பஞ்சு போன்ற உள்மயிரும் உண்டு. நம் வேட்டை இனங்களுக்கு அந்த வசதி இல்லை. இவற்றை மலைக்குக் கொண்டுபோய்த் திறந்த வெளியில் கட்டிப் போட்டால் குளிர் நேராக உடம்பில் ஏறும்.

சமவெளியில் நல்ல நிலையிலுள்ள வளர்ந்த நாய்க்குச் சட்டை வீண் செலவு. காற்றுப் படாத, ஈரமில்லாத படுக்கை போதும். உதகமண்டலம் பகுதியில் மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழுந்து புல் வெளுத்துப்போகும் இடங்களில்தான் சட்டைக்கு உண்மையான வேலை. குட்டிகள், கிழ நாய்கள், நோயிலிருந்து தேறி வரும் நாய்கள் ஆகியவற்றிற்கு அடைமழைக் காலத்தில் மற்ற இடங்களிலும் உதவும்.

எந்தத் துணி?

உள்ளே கம்பளி, வெளியே தண்ணீர் புகாத மழைக்கோட்டுத் துணி என இரண்டு அடுக்காக அமைந்த சட்டையே மலைக்கு ஏற்றது. கம்பளி சிறிது நனைந்தாலும் ஓரளவு சூட்டைக் காக்கும், பருத்தி அப்படியல்ல. பழைய கம்பளியும் மழைக்கோட்டும் இருந்தால் உள்ளூர்த் தையற்காரரே தைத்துவிடலாம்.

கடைகளில் நியோப்ரீன் என்னும் ரப்பர் வகைச் சட்டைகளும் கிடைக்கின்றன. இவை வட அமெரிக்காவில் வாத்து வேட்டைக்குப் போகும் நாய்களுக்காகப் பெயர் பெற்றவை. அங்கே சுட்ட பறவையை எடுத்துவர, நாய் பனிக்கட்டி மிதக்கும் நீரில் நீந்த வேண்டியிருக்கிறது. 3 முதல் 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள அந்த ரப்பரில் மூடிய சிறு காற்றுக் குமிழ்கள் நிறைந்திருக்கும். அவை சூட்டைக் காப்பதோடு நாய் மிதக்கவும் துணை செய்கின்றன. ஆனால் அதன் வழியே உடல் ஆவி வெளியேறாது. தரையில் ஓடியாடிக் காவல் காக்கும் நாய்க்கு இரவு முழுவதும் போட்டால் உள்ளே வியர்த்தாற்போல ஈரம் கட்டித் தோல் வெந்துபோகும். விலை கூடுதல் என்பதால் உயர்ந்த சரக்கு என்று எண்ணி வாங்கிவிட வேண்டாம்.

அளவு எடுக்கும் முறை

மூன்று அளவுகள் தேவை. நாயை நான்கு காலிலும் நேராக நிற்க வைத்து, கழுத்துப்பட்டை விழும் இடத்திலிருந்து வால் தொடங்கும் இடம் வரை முதுகு நீளம், முன்கால்களுக்குச் சற்றுப் பின்னால் மார்பின் மிக அகலமான சுற்றளவு, கழுத்தின் சுற்றளவு. கடைக்காரர் பெரும்பாலும் முதுகு நீளத்தை மட்டுமே கேட்பார். அதை நம்பினால் ஏமாற்றம்தான். லாப்ரடார் போன்ற உருண்ட உடம்புக்குத் தைத்த சட்டை, அதே முதுகு நீளமுள்ள சிப்பிப்பாறைக்கு மார்பில் பிடிக்கும்; இடுப்பில் தொங்கும். நம் வேட்டை இனங்களுக்கு மார்பளவைப் பார்த்து வாங்கி, இடுப்புப் பட்டையை இறுக்கிக்கொள்வதே சரி. பட்டைக்கும் உடம்புக்கும் இடையில் இரண்டு விரல்கள் தாராளமாக நுழைய வேண்டும்.

முன்கால் இடுக்கில் துணி நன்றாக வளைத்து வெட்டப்பட்டிருக்க வேண்டும். பெரும்பாலான புண்கள் இங்கேதான் ஏற்படுகின்றன. ஆண் நாய்க்கு வயிற்றுத் துணி சிறுநீர் கழிக்கும் உறுப்புக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சட்டை நாள்தோறும் நனையும். ஒட்டிப் பிரிக்கும் நாடாவில் நாயுருவி விதையும் மயிரும் அடைத்துக்கொண்டு சில வாரங்களில் பிடிப்பு போய்விடும். கொக்கியே மேல். தொங்கும் நாடா எதுவும் இருக்கலாகாது. முள்வேலியில் மாட்டிக்கொண்டு இரவெல்லாம் தவிக்கும் நாய் பாடுபட்டே சாகும்.

ஆரஞ்சு நிறம் நாய்க்குப் பிடிக்கும் என்று விற்பவர்கள் சொல்வதுண்டு. நாயின் கண் நீலத்தையும் மஞ்சளையுமே நன்கு பிரித்தறியும். ஆரஞ்சு மனிதருக்காக, தோட்டச் சாலையில் வண்டி ஓட்டுவோர் கண்ணில் படுவதற்காக. முதுகில் ஒளி திருப்பும் பட்டை ஒன்று தைத்திருந்தால் மிகவும் நல்லது.

காட்டுப்பன்றி வேட்டை அனுமதிக்கப்பட்ட நாடுகளில் கொம்பு போன்ற அதன் கோரைப்பல் குத்தாமலிருக்க மார்பையும் கழுத்தையும் மூடும் கெட்டியான கவசச் சட்டை போடுகிறார்கள். இமயமலை இடையர்கள் சிறுத்தைக்கு அஞ்சி நாயின் கழுத்தில் இரும்பு முள் பட்டை மாட்டுகிறார்கள். நம் தோட்டக் காவல் நாயின் வேலை குரைத்து ஆளை எழுப்புவது. பன்றியோடு மோதுவது அல்ல. முள்ளும் கம்பியும் கீறாதிருக்க மார்புப் பக்கத்தில் ஓர் அடுக்குக் கித்தான் தைத்தால் போதும். சிறுத்தை நடமாடும் இடத்தில் எந்தச் சட்டையும் காக்காது. அங்கே நாயை இரவில் கம்பி வலை அடித்த கூண்டில்தான் விட வேண்டும்.

அணிவித்த பிறகு

முதல் நாள் 10 நிமிடம் போட்டு ஓடவும் உட்காரவும் விட்டுப் பார்க்க வேண்டும். நாய் இளைப்பு வாங்கினால் சட்டை அதிகம் என்று பொருள். காலையில் வெயில் ஏறியதும் கழற்றி, தோலில் சிவப்பு, உண்ணி இருக்கின்றனவா எனத் தடவிப் பார்த்து, சட்டையை உலர்த்த வேண்டும். மலையில் ஒரு பகலில் காயாது. எனவே இரண்டு சட்டைகள் இருப்பது நல்லது. ஈரச் சட்டையை மீண்டும் மாட்டுவதைவிட மாட்டாமலே இருப்பது மேல்.

நாயின் இயல்பான உடல் சூடு ஏறத்தாழ 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். 99 டிகிரிக்குக் கீழே இறங்குவது ஆபத்து. முதலில் நடுக்கம் வரும், கால்கள் விறைக்கும். நடுங்கிக்கொண்டிருந்த நாய் நடுக்கம் நின்று மந்தமாகப் படுத்தால் தேறிவிட்டது என்று எண்ணக் கூடாது. நிலைமை முற்றிவிட்டது என்றே கொள்ள வேண்டும். ஈரச் சட்டையை உடனே கழற்றி, உலர்ந்த துணியால் துடைத்து, கம்பளியில் சுற்றி, துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியை மார்போரம் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். அடுப்பின் பக்கத்தில் படுக்க வைத்தால் மரத்துப்போன தோல் தீய்ந்துவிடும். பிராந்தியோ சாராயமோ புகட்டுவது பெருந்தவறு. தோலிலுள்ள இரத்தக் குழாய்கள் விரிந்து, மிச்சமிருக்கும் சூடும் வெளியேறிவிடும்.

பனிக்காலம் முடிந்ததும் சட்டையைத் துவைத்து, வெயிலில் நன்கு காயவைத்து, உலர்ந்த வேப்பிலை போட்டு மடித்து வைக்கலாம். பாச்சை உருண்டை போடக் கூடாது. நாய் அதை விழுங்கினால் நஞ்சாகும். துணியில் ஏறிய நெடியும் எளிதில் போகாது. மறு ஆண்டு போடுவதற்கு முன் மார்பளவை மீண்டும் எடுக்க வேண்டும்.